நீலாம்பரி ஞாபகம் இருக்கிறாள், வசுந்தரா ஏன் மறந்துபோனாள்?

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் ஒரு மாணவி தன் செமினாருக்காகக் கேட்ட கேள்வி இது: "சினிமாவும் டிவியும் என்னென்ன உத்திகளை வைத்து ஆட்களை இழுக்கின்றன? அதே உத்திகள் ஆண், பெண் பற்றிய பிம்பத்தை எப்படி உண்டாக்குகின்றன? கதையும் வசனமும் பெண்ணை மரியாதையாக நடத்தினால் போதாதா?"

போதாது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். எடிட்டிங் மேசையில் வேலை பார்த்தும், பிறகு அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஆட்களை இழுக்கும் உத்தி ஒரு பக்கம், ஆண்-பெண் சித்திரிப்பு இன்னொரு பக்கம் என்று இரண்டு கிடையாது. இரண்டையும் ஒரே கருவிதான் செய்கிறது. கதை ஒருவரைத் தோற்கடிக்கலாம், வசனம் அவரைத் திட்டித் தீர்க்கலாம். ஆனால் கேமரா யாருக்காகக் காத்திருந்ததோ, இசை யாருக்காக ஏறியதோ, கட், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவுவது, யார் முகத்தில் போய் விழுந்ததோ, அவர்தான் படம் முடிந்ததும் ரசிகரோடு வீட்டுக்கு வருகிறார்.

இதற்கு எல்லோரும் பார்த்த உதாரணம் 'படையப்பா'. 1999-ல் கே.எஸ்.ரவிக்குமார் இயக்கத்தில் வந்தது. பெண்களை வகை பிரித்து நாயகன் பாடம் எடுக்கும் வசனம்கூட அதில் உண்டு. கதைப்படி நீலாம்பரி திமிர் பிடித்தவள், பழி வாங்கத் துடிப்பவள். 18 வருடம் ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள். கடைசியில் தன்னையே சுட்டுக்கொண்டு சாகிறாள். நாயகன் விரும்பிக் கல்யாணம் செய்துகொள்வது அவள் வீட்டில் வேலை பார்க்கும், அதிர்ந்து பேசாத வசுந்தராவை. எழுதப்பட்ட கதையை மட்டும் எடுத்துக்கொண்டால், அடங்கிப் போகிற பெண் ஜெயிக்கிறாள், அடங்காதவள் அழிகிறாள். இதைவிடப் பழமையான பெண் சித்திரிப்பு இருக்க முடியாது.

ஆனால் கால் நூற்றாண்டு கழித்து மீம்ஸில் இருப்பது யார்? நீலாம்பரி. வசுந்தராவின் வசனம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டால் அமைதிதான் பதில்.

அந்த ஊஞ்சல் காட்சியை எடுத்துக்கொள்வோம். நீலாம்பரி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வந்தவருக்கு உட்கார இடமில்லை. மேலே தூக்கிக் கட்டியிருக்கும் ஊஞ்சலை ரஜினி துண்டை வீசி இழுத்து இறக்கி, அதில் உட்கார்ந்து அவரும் கால்மேல் கால் போடுகிறார். தியேட்டர் அலறும். அந்த அலறல் ரஜினிக்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காட்சி நிற்பதே எதிரே ஒரு சமமான ஆள் இருப்பதால்தான். அவள் உட்கார்ந்திருக்கும் உயரம், நிமிர்ந்த கழுத்து, கண் சிமிட்டாமல் பார்க்கும் பார்வை எல்லாமே தமிழ் சினிமா நாயகனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மொழி. நீலாம்பரியாக நடித்த ரம்யா கிருஷ்ணனுக்கு அந்த மொழி படம் முழுக்கக் கொடுக்கப்பட்டது. வசுந்தராவாக நடித்த சௌந்தர்யாவுக்குக் கதை பரிசு கொடுத்தது, ஆனால் அந்த மொழியில் ஒரு எழுத்துகூடக் கொடுக்கவில்லை. பரிசு வாங்கியவளை மறந்துவிட்டோம்.

சரி, அந்த 'மொழி' என்ன என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

மாஸ் படத்தில் நாயகனின் இன்ட்ரோ எப்படி வரும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் ஆள் வருவதற்கு முன்பே அவரைப் பற்றிப் பேச்சு. 1992-ல் 'அண்ணாமலை'யிலிருந்து ரஜினி படங்களில் பெயரே புள்ளி புள்ளியாக ஒளிர்ந்து, தேவாவின் இசையோடு, எழுத்து எழுத்தாக வர ஆரம்பித்தது. பெயருக்கே அவ்வளவு காத்திருப்பு. அப்புறம் கால், பூட்ஸ், முதுகு, கை, கண்ணாடி. முகம் கடைசியில். லோ ஆங்கிள், அதாவது கேமரா தரையோடு இருந்து அண்ணாந்து பார்க்கும். ரசிகர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாலும், நாயகனின் காலடியிலிருந்து நிமிர்ந்து பார்க்கிற ஆளாகிவிடுகிறார்.

இப்போது நாயகியின் இன்ட்ரோவை யோசித்துப் பாருங்கள். அங்கேயும் துண்டு துண்டாகத்தான் வரும். கொலுசு, இடுப்பு, காற்றில் பறக்கும் முடி, உதடு, கடைசியில் முகம். உத்தி ஒன்றுதான்: தாமதம். முகத்தைத் தள்ளிப்போட்டு ஆவலை ஏற்றுவது. வித்தியாசம் எங்கே என்றால், நாயகனின் துண்டுகள் ஏதாவது செய்துகொண்டிருக்கும். கால் உதைக்கும், கை கதவைத் தள்ளும், விரல் கண்ணாடியைச் சுழற்றும். நாயகியின் துண்டுகள் எதுவும் செய்யாது, பார்க்கப்படும். இரண்டு இன்ட்ரோவிலும் துண்டுகளுக்கு நடுவே ஒரு கட் இருக்கும். அந்த கட் யாரிடம் போகிறது? நாயகனின் இன்ட்ரோவில் கூட்டத்திடம், வாயைப் பிளந்து நிற்கும் அடியாட்களிடம். நாயகியின் இன்ட்ரோவில் நாயகனிடம், அவன் பக்கத்தில் நிற்கும் காமெடி நண்பனிடம். அதாவது அவளை நாம் நேராகப் பார்க்கவே இல்லை. அவன் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் அந்தக் கண்ணைக் கடன் வாங்கித்தான் பார்த்தாக வேண்டும்.

இதைத்தான் 1975-ல் லாரா மல்வி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 'ஸ்க்ரீன்' இதழில் எழுதினார். கேமராவின் பார்வை, கதைக்குள் இருக்கும் பாத்திரத்தின் பார்வை, அரங்கில் இருக்கும் ரசிகரின் பார்வை ஆகிய மூன்றும் ஒன்றாகக் கோத்துக் கட்டப்பட்டு ஆணின் பார்வையாகிவிடுகின்றன என்பது அவர் வாதம். அவர் எடுத்துக்கொண்டது ஹாலிவுட் படங்களை. ஆனால் நம் ஊர் டூயட்டுக்கு அது அப்படியே பொருந்தும். அதற்கும் வெகு முன்னால், எடிட்டிங் பாடத்தில் முதல் நாளே சொல்லித்தரும், ரஷ்ய இயக்குநர் குலெஷோவின் பரிசோதனை இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே நடிகரின் சலனமில்லாத முகம். அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப் வைத்தால் பசி தெரிகிறது, சவப்பெட்டி வைத்தால் துக்கம் தெரிகிறது, சாய்ந்திருக்கும் ஒரு பெண்ணை வைத்தால் ஆசை தெரிகிறது. கட் என்பதன் சக்தியை நிரூபிக்கச் செய்த சோதனையிலேயே பார்ப்பவன் ஆண், பார்க்கப்படும் பொருள்களில் ஒன்று பெண். பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் கடந்துபோகும். நீங்கள் கடந்துபோக வேண்டாம்.

அடுத்தது பாட்டு. பாட்டைக் கவர்ச்சி என்று மட்டும் பேசிவிட்டு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அது நேரத்தை என்ன செய்கிறது என்பதுதான். நாயகன் ஒரு பெண்ணைப் பின்தொடர்கிறான், அவள் வேண்டாம் என்கிறாள். கதையின் கணக்கில் இது பல மாதங்கள் நடந்திருக்கும். ஆனால் திரையில் அது நாலு நிமிட மாண்டேஜ், அதாவது பாட்டுக்கு மேல் துண்டு துண்டாகக் கோத்த காட்சிகள். பஸ் ஸ்டாப்பில் ஒரு முறைப்பு, கல்லூரி வாசலில் ஒரு திட்டு, கோயிலில் ஒரு திரும்பல், மழையில் ஒரு புன்னகை. ஒவ்வொரு 'வேண்டாம்' மீதும் ஒரு தாளம் விழுகிறது. நிஜத்தில் ஒரு பெண் அனுபவித்தால் மூச்சு முட்டும் நாட்கள் இங்கே முணுமுணுக்கத் தோன்றும் மெட்டாகிவிடுகின்றன. மறுப்பு ஓர் இசைச் சொற்றொடராகிவிட்டால், அது சம்மதத்தில் போய் முடிந்தே ஆக வேண்டும் என்று காது எதிர்பார்க்க ஆரம்பிக்கிறது. அவள் சிரிக்கவில்லை என்றால் பாட்டே அரைகுறையாக நின்றதுபோல் இருக்கும். வசனத்தில் யாரும் 'பின்தொடர்வது சரி' என்று சொல்லவில்லை. எடிட்டிங் சொல்லிவிட்டது. தமிழ் சினிமாவின் மீது எனக்கு இருக்கும் கோபங்களில் இதுதான் பெரியது.

காதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் குரலையும் சொல்லியாக வேண்டும். பெண் சித்திரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒலியைத் தொடுவதே இல்லை. 'பம்பாய்' (1995) படத்தில் மனிஷா கொய்ராலாவின் முகத்துக்குக் குரல் ரோகிணி. 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) ஜெஸ்ஸிக்கும் '96' (2018) ஜானுவுக்கும் முகம் த்ரிஷா, குரல் சின்மயி. மனிஷாவுக்குத் தமிழ் தெரியாது, சரி. த்ரிஷா சென்னையில் வளர்ந்தவர். அப்படியும் டப்பிங். இந்தக் கலைஞர்கள் அற்புதமாகச் செய்தார்கள், ஜானுவின் பாதி உயிர் அந்தக் குரலில்தான் இருக்கிறது. என் கேள்வி வேறு. நாயகனின் குரலை இப்படிக் கழற்றி மாட்ட முடியுமா? ரஜினியின் வேகத்தையும் விஜய்யின் இழுப்பையும் வேறொருவர் பேசினால் அந்தப் படம் ஓடுமா? ஆண்களிலும் விதிவிலக்கு உண்டு, 80-களில் மோகனுக்கு எஸ்.என்.சுரேந்தர் குரல் கொடுத்தார். ஆனால் ஆணுக்கு விதிவிலக்காக இருந்தது பெண்ணுக்கு வழக்கமாகவே இருந்தது. உடல் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆகிவிட்டால் 'நாயகி' என்பவள் தனி மனுஷியாகப் பதிய மாட்டாள், மாற்றிப் போடக்கூடிய ஓர் இடமாகப் பதிவாள். 'லூசுப் பொண்ணு' என்று நாம் இன்று அழைக்கும் அந்த நாயகி வகைக்கு எழுத்தாளர் மட்டும் காரணமில்லை. உச்ச ஸ்தாயியில், குழந்தைத்தனமாக, எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலித்த டப்பிங் பாணிக்கும் அதில் பங்குண்டு.

வயதைப் பற்றி ஒரே ஒரு தகவல் போதும். 1984-ல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் குழந்தையாக நடித்த மீனா, 1993-ல் 'எஜமான்' படத்தில் அதே ரஜினிக்கு ஜோடி. மேக்கப், லைட்டிங், லென்ஸ் எல்லாம் ஆணின் வயதை நிறுத்தி வைக்க உழைக்கின்றன. பெண்ணின் வயது நகர்ந்தால் ஆளையே மாற்றிவிடுகிறார்கள்.

இனி டிவிக்கு வருவோம். சீரியலைச் சினிமாவின் மட்டமான தம்பியாக நினைத்தால் அதன் உத்தி புரியாது. அதன் பிறப்பே வேறு. 1930-களில் அமெரிக்க வானொலியில், பகலில் வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காக, சோப்பு விற்கும் கம்பெனிகளின் காசில் உண்டான வடிவம் அது. சோப் ஆபரா என்ற பெயரே அப்படி வந்ததுதான். கேட்பவரின் கை பாத்திரத்தில் இருக்கும், கண் அடுப்பில் இருக்கும், காது மட்டும்தான் இங்கே. அந்த உண்மை இன்றைக்கும் மாறவில்லை. நம் சீரியல்களில் ஒரு முகத்தை மூன்று முறை அதே ஷாட்டாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு இடி ஒலி போடுகிறார்களே, படித்தவர்கள் கிண்டல் செய்வதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். நான் கிண்டல் செய்ய மாட்டேன். அந்த இடி, அடுப்படியில் இருப்பவரை 'இப்போது வந்து பார்' என்று கூப்பிடும் அழைப்பு. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் முகம் போய்விடக் கூடாது என்பதால்தான் மூன்று முறை. ஒரே விஷயத்தை ஹாலில் ஒருவர், மாடிப்படியில் ஒருவர், போனில் ஒருவர் என்று திரும்பத் திரும்பப் பேசுவதும் அதற்காகவே. 1980-களின் தொடக்கத்தில் டானியா மோட்லெஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர், சோப் ஆபராவின் தாளம் இடையிடையே அறுபடும் வீட்டு வேலையின் தாளத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுதினார். நம் சீரியலைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கும்.

தமிழில் தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள் வாரம் ஒன்று, 13 வாரம், முடிந்தது. 1999 கடைசியில் சன் டிவியில் ராதிகாவின் 'சித்தி' தினசரித் தொடராக வந்த பிறகு வீட்டின் நேரமே மாறியது. 2003-லிருந்து 2009 வரை 'கோலங்கள்' ஓடியது, 1500-க்கும் மேற்பட்ட எபிசோடுகள். அதில் தேவயானி நடித்த அபி கட்டுமானத் தொழில் நடத்துகிறவள். தமிழ் சினிமா அந்த வருடங்களில் தொழில் நடத்தும் ஒரு பெண்ணை இவ்வளவு நேரம் பார்க்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவெடுக்கும் பெண், கடன் வாங்கும் பெண், ஏமாற்றப்பட்டும் எழும் பெண் என்று நாள்தோறும் பார்த்தது சின்ன விஷயமில்லை.

ஆனால் அங்கேயும் உத்தி வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. தினசரித் தொடருக்கு நாளுக்கு ஓர் எபிசோடு தேறியாக வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் படம்பிடிக்கக் காசும் கிடையாது, நேரமும் கிடையாது. ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, ஹால், மாடிப்படி, டைனிங் டேபிள், சமையலறை, பெட்ரூம் என்று அதற்குள்ளேயே லைட்டை மாற்றி மாற்றி எடுப்பார்கள். அதனால் அபி கட்டும் கட்டடத்தைவிட அபி அழும் ஹால்தான் அதிகம் தெரியும். பெண்ணின் உலகம் வீடுதான் என்று யாரும் தீர்மானம் போட்டு முடிவு செய்யவில்லை. லொகேஷன் பட்ஜெட் முடிவு செய்தது. அப்படி முடிவானதும், கதை எழுதுகிறவர் வீட்டுக்குள் நடக்கக்கூடிய சண்டையாகத்தான் யோசிப்பார்: மாமியார், நாத்தனார், சாவிக்கொத்து, விஷம் கலந்த பால். எதிரியும் பெண்ணாகவே இருந்தாக வேண்டும், ஏனென்றால் பகலில் அந்த வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். சீரியல் வில்லிகள் பெருகியதற்குப் பெண்களுக்குப் பெண்களே எதிரி என்ற நம்பிக்கையைக் காரணம் சொல்கிறார்கள். வாடகை பங்களாவுக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு என்பேன்.

விளம்பரமும் இதில் ஒட்டிக்கொள்கிறது. இந்திய விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். ஆகவே அரை மணி நேரத் தொடர் உண்மையில் இருபத்து சொச்சம் நிமிடம். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் ஒரு முகம் உறைய வேண்டும், கதவு திறக்க வேண்டும், யார் என்று தெரியக் கூடாது. அப்படி உறைந்த பெண் முகத்துக்கு அடுத்து வருவது பட்டுப்புடவைக் கடையும் மசாலாவும் நகைக்கடையும். தூங்கும்போதும் கலையாத மேக்கப்பும் அடுப்படியில் கட்டியிருக்கும் பட்டும் ஏன் என்று கேட்பவர்கள் அந்த அடுத்த 30 விநாடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'எதிர்நீச்சல்' 2022-ல் சன் டிவியில் ஆரம்பித்தபோது நான் ஆசையோடு பார்த்தேன். 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வமே இயக்கம். ஓர் ஆணாதிக்க வீட்டில் சிக்கிய நான்கு மருமகள்கள், படித்தவர்கள், திறமைசாலிகள், ஒவ்வொருவராக வாய் திறக்கிறார்கள். இந்த முறை எதிரி மாமியார் இல்லை, வீட்டை ஆளும் ஆண் என்று நேராகவே சொன்ன தொடர். கதையாக எனக்கு அது பெரிய நகர்வு. ஆனால் ஊரெல்லாம் பரவியது என்ன? மறைந்த நடிகர் மாரிமுத்து அந்த ஆணாக, ஆதி குணசேகரனாகச் சொன்ன "ஏய் இந்தாம்மா". மருமகள்கள் பேசிய நீளமான, நியாயமான வசனங்கள் எதுவும் ரீல்ஸாகவில்லை.

மாரிமுத்து பெரிய நடிகர், அது முதல் காரணம். ஆனால் டைனிங் டேபிள் காட்சிகளை மறுபடி போட்டுப் பாருங்கள். குணசேகரன் பேசும்போது இடைவெளி இருக்கும். அவர் நிறுத்துவார், எல்லோரும் காத்திருப்பார்கள், கேமராவும் காத்திருக்கும். அவர் ஒரு சொல்லைப் போட்டதும் நான்கு பெண்களின் ரியாக்‌ஷன் வரிசையாக வரும். பெண்கள் பேசும்போது கட் அவர் முகத்துக்குப் போகும், அவர் என்ன நினைக்கிறார் என்று பார்க்க. பேசுவது பெண், அளவுகோல் அவர் முகம். அடக்குமுறையைக் காட்டுவதற்காக எடுத்த அதே ஷாட் வரிசை, அடக்குகிறவரைக் காட்சியின் மையமாகவும் ஆக்கிவிட்டது. 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்தபோது தமிழ்நாட்டுப் பெண்கள் பலர் உண்மையாகவே கலங்கினார்கள். அதில் தப்பே இல்லை. கேமரா ஒன்றரை வருடம் யாரோடு உட்கார வைத்ததோ அவரோடுதான் மனசும் உட்காரும்.

அப்படியானால் வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதை மலையாளத்தில் 2021 ஜனவரியில் ஜியோ பேபி செய்து காட்டினார். 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' பற்றிப் பேசுபவர்கள் அதன் கருத்தையே பேசுகிறார்கள். எனக்கு அதன் நேரக் கணக்குதான் பெரிது. காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, தோசை ஊற்றுவது, எச்சில் மேசையைத் துடைப்பது, கழுவுவது. மறுநாள் மறுபடி நறுக்குவது. முதல் சில முறை அழகாக இருக்கும், எண்ணெயில் விழும் கடுகைப் பார்த்தால் பசிக்கும். சமையல் நிகழ்ச்சிகள் நம்மை இழுக்கும் அதே உத்தி. பிறகு அதே கோணம், அதே ஒலி, திரும்பவும் திரும்பவும். பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை, எப்போது முடியும் என்று காதுக்குத் துப்புக் கொடுக்க எதுவுமில்லை. முருங்கைக்காய்ச் சக்கையை ஆண்கள் மேசை மேலேயே மென்று போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். சாதாரண படத்தில் கேமரா அவர்களோடு ஹாலுக்குப் போயிருக்கும். இங்கே மேசையோடு நிற்கிறது. ஒழுகும் சிங்க் குழாய்க்கு அடியில் தேங்கும் அழுக்குத் தண்ணீரை அவள் எத்தனை முறை சொல்லியும் கணவன் சரிசெய்ய ஆள் கூப்பிடுவதில்லை. அந்தத் தண்ணீர்தான் கடைசியில் கணவன் மீதும் மாமனார் மீதும் வீசப்படுகிறது. அந்த வீச்சு அவ்வளவு நியாயமாகப் படுவதற்கு எந்த வசனமும் காரணமில்லை. நாமும் அந்தச் சிங்க் முன்னால் நின்றிருக்கிறோம், அதுதான் காரணம்.

இதற்கு ஒரு மூத்த அக்கா உண்டு. மல்வி கட்டுரை எழுதிய அதே 1975-ல் பெல்ஜியத்தின் ஷான்டல் ஆக்கர்மன் 'ஜான் டீல்மன்' என்ற படத்தை எடுத்தார். ஒரு தாய் உருளைக்கிழங்கு உரிப்பதையும் படுக்கை விரிப்பதையும் 201 நிமிடம் அசையாத கேமராவில் காட்டும் படம். 2022-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படமாக முதலிடம் பிடித்தது. பொழுதுபோக்குப் படம் கட் செய்து தூக்கி எறியும் பகுதி எதுவோ, அதுதான் பெண்ணின் நாள். அதைத் தூக்கி எறியாமல் வைத்ததே அந்தப் படத்தின் உத்தி.

உடலைக் காட்டக் கூடாது என்பதல்ல இதன் பொருள். சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' (2016) முழுக்க ரித்திகா சிங்கின் உடல்தான். நிஜமாகவே சண்டை விளையாட்டில் பயிற்சி பெற்றவர் அவர். தோள், முஷ்டி, வியர்வை, மூச்சு என்று கேமரா கிட்டேயே இருக்கும். அந்தத் துண்டுகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. நாயகனின் இன்ட்ரோவுக்கு நான் மேலே சொன்ன இலக்கணம், ஒரு பெண்ணுக்கு.

திருநங்கைகள் விஷயத்தில் நம் திரை ரொம்பக் கடன்பட்டிருக்கிறது. பல வருடங்கள் அவர்களின் வருகைக்கென்றே ஒரு கேலி இசையும், நாயகன் முகம் சுளிக்கும் ஒரு ரியாக்‌ஷன் ஷாட்டும் தயாராக இருந்தன. 2015-ல் 'ஐ' வந்தபோது திருநங்கைகள் போராடியது அதற்காகத்தான். 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தில் திருநங்கை ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அதே வருடம் திரைக்கு வந்த ராமின் 'பேரன்பு'. மீராவாக நடித்த அஞ்சலி அமீர் திருநங்கை. அவர் சட்டகத்துக்குள் வரும்போது இசை எந்தக் குறும்பும் செய்யவில்லை, யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. ஒரு ஒலியையும் ஒரு ரியாக்‌ஷனையும் நீக்கினாலே ஒரு மனுஷி தெரிகிறாள்.

'இதெல்லாம் பார்ப்பவர்களை உண்மையில் மாற்றுமா?' என்று செமினாரில் கட்டாயம் கேட்பார்கள். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார ஆய்வாளர்களின் 2009 கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலங்களில், கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களையும் வராத கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். கேபிள் வந்த இடங்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பம் குறைந்தது, வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது. 2000-களின் தொடக்கம் அது. மாமியார்-மருமகள் தொடர்கள் கொடிகட்டிப் பறந்த காலம். என் கணிப்பு: நல்ல கருத்துள்ள தொடர்களால் அது நடந்திருக்காது. வெளியே போகிற, சம்பாதிக்கிற, எதிர்த்துப் பேசுகிற பெண்களின் முகங்களை, கிராமத்துப் பெண்கள் முதல் முறையாக நாள்தோறும் க்ளோசப்பில், நீண்ட நேரம் பார்த்தார்கள். கதை அந்தப் பெண்களை அழவைத்துக்கொண்டிருந்தாலும், முகத்தோடு கழித்த நேரம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஆய்வு முறையாக பெக்டெல் சோதனையைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அலிசன் பெக்டெல் 1985-ல் ஒரு சித்திரக்கதையில் எழுதியது: படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், ஆணைத் தவிர வேறெதையாவது பேச வேண்டும். பெயருள்ள பெண்களாக இருக்க வேண்டும் என்பது பின்னால் சேர்ந்துகொண்டது. ஒரு துறை மொத்தமும் எப்படி இருக்கிறது என்று தோராயமாக அறிய அது உதவும். தனிப் படத்துக்கு உதவாது. சாவிக்கொத்துக்காக இரண்டு வில்லிகள் சண்டை போட்டாலே சீரியல் பாஸாகிவிடும். கிச்சன் படத்தின் நாயகிக்கோ பெயரே வைக்கவில்லை.

அதைவிட ஸ்டாப்வாட்ச் நல்ல கருவி. ஒரே ஒரு காட்சி எடுங்கள். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு முகமும் எத்தனை விநாடி இருக்கிறது, ஒருவர் பேசும்போது கட் யாரிடம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை திரையை மூடிவிட்டு, இசை எந்த இடத்தில் ஏறுகிறது, யாருடைய மௌனத்துக்கு இடம் விடுகிறார்கள் என்று கேளுங்கள். 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2023-ல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்கத் தமிழிலும் வந்தது. கதை ஒன்று, வீடு வேறு, கேமரா வேறு, கட் வேறு. இரண்டிலும் அந்தச் சாப்பாட்டு மேசையைத் துடைக்கும் காட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். உங்கள் செமினாருக்கு அதுவே போதும்.